மேடே இல்லாத ஊரில் ஒரு கிளைடர்

இந்த வாரக் கதையை தரங்கம்பாடியில், டேன்ஸ்போர்க் கோட்டைக்கு முன்னால் இருக்கும் மணலில் இருந்து ஆரம்பிக்கலாம். மதியம் மூணு மணி. வெயில் இன்னும் இறங்கவில்லை, ஆனால் கடல்காற்று வந்துவிட்டது. கோட்டைச் சுவருக்கு மேல் ஒரு செம்பருந்து நிற்கிறது. பறக்கிறது என்று சொல்ல மாட்டேன், நிற்கிறது. சிறகை ஒரு தடவைகூட அடிக்கவில்லை. நுனி இறகுகளை மட்டும் லேசாகத் திருப்பிக்கொண்டு, யாரோ நூல் கட்டிப் பிடித்திருக்கிற மாதிரி ஒரே இடத்தில் இருக்கிறது.

நம்ம ஊர்ல இதைக் கருடன்னு சொல்லுவோம். கும்பாபிஷேகத்தில் கோபுரத்துக்கு மேல் வட்டமடித்தால் கூட்டமே அண்ணாந்து பார்த்துக் கையெடுத்துக் கும்பிடும். ஆனா இது எப்படிச் சிறகடிக்காம நிக்குதுன்னு நாம கேட்டதில்லை. விடை ரொம்பச் சாதாரணமானது. கடலில் இருந்து வரும் காற்று சுவரில் மோதுகிறது. முன்னால் போக வழி இல்லை, அதனால் மேலே ஏறுகிறது. பருந்து கீழே சறுக்கிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் அது சறுக்கும் வேகமும் காற்று ஏறும் வேகமும் சமமாக இருப்பதால், பார்க்கிற நமக்கு நின்ற இடத்திலேயே நிற்பது போலத் தெரிகிறது.

இதே வித்தையை மனுஷங்க ரிமோட்டை வெச்சுக்கிட்டுச் செய்யறதுக்குப் பேர்தான் ஸ்லோப் கிளைடிங். எஞ்சின் இல்லை, மோட்டார் இல்லை. மலைச்சரிவின் விளிம்பில் நின்று, எதிர்க்காற்றில் ஒரு சின்ன விமானத்தைக் கையால் வீசிவிட்டு, காற்று இருக்கும் வரைக்கும் ஓட்டலாம். இன்றைக்கு அதன் வரலாறுதான் பேசப் போகிறோம். தரங்கம்பாடியில் நின்றுகொண்டு இதைப் பேசுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காவிரி டெல்டாவில் மலை கிடையாது, குன்று கிடையாது. வாய்க்கால் கரையை விட்டால் மேடு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கோட்டையைக் கட்டியவர்களின் நாட்டிலும் மலை கிடையாது. அதுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல நான் எப்படி இதுல மாட்டினேன்னு சொல்லிடறேன். சில வருஷங்களுக்கு முன்னால், மேற்கே ஒரு மலைச்சரிவில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். அதைக் கிளப் என்று சொன்னால் அவர்களுக்கே சிரிப்பு வரும். அதில் மூத்தவர் லேத் பட்டறை வைத்திருந்தவர். எல்லாருக்கும் அவர் 'அண்ணா'. நான் புதுசாக வாங்கின ஃபோம் கிளைடரோடு போய் நின்றேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "ரிமோட்டைக் கீழ வைங்க தம்பி. கொஞ்சம் புல்லு பிடுங்குங்க" என்றார். பிடுங்கினேன். "கையை நீட்டி விடுங்க." விட்டேன். புல் என் முகத்திலேயே வந்து விழுந்தது. "ம்ம், நேரா வருது. இப்ப பத்தடி பின்னாடி போய் அதையே பண்ணுங்க." பின்னால் போய் விட்டேன். புல் சுற்றிச் சுழன்று காலடியில் விழுந்தது. மேட்டின் விளிம்பைத் தாண்டினால் காற்று கவிழ்ந்துவிடுகிறது. அந்த இடத்தில் கிளைடர் மாட்டினால் கீழேதான் போகும். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

அடுத்த வாரம் வீசினேன். கிளைடர் அழகாக ஏறியது. சந்தோஷத்தில் அதை மலைப் பக்கமாகத் திருப்பிவிட்டேன். முதுகில் காற்று வாங்கிக்கொண்டு என் தலைக்கு மேலேயே பாய்ந்து, பின்பக்கச் சுழலில் மாட்டி, உன்னிச்செடிப் புதரில் போய்ச் சொருகிக்கொண்டது. எல்லாருமாகச் சேர்ந்து தேடினோம். யாரும் திட்டவில்லை. "திரும்பறது எப்பவும் பள்ளத்துப் பக்கம்" என்று மட்டும் அண்ணா சொன்னார். இன்னொன்றும் சொன்னார். விமானம் நம்மை விட்டுப் போகும்போது இடது இடதுதான், ஆனால் நம்மைப் பார்த்து வரும்போது இடதும் வலதும் மாறிவிடும். புதுசாக வருகிறவர்கள் எல்லாரும் அதில்தான் விழுவார்கள். அதற்கு ஒரு வழி: நம்மைப் பார்த்து வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கமே ரிமோட் குச்சியைத் தள்ளு. தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி. இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அவருக்கு முன்னால் யாரோ சொன்னது.

இந்த 'யாரோ சொன்னது'தான் இன்றைய எபிசோடில் நான் பிடித்துக்கொள்ளப் போகிற நூல். பறத்தலின் வரலாறு என்றால் நமக்கு எஞ்சின் ஞாபகம் வருகிறது, தனி ஆளாக ஜெயித்த மேதைகள் ஞாபகம் வருகிறார்கள். சரிவில் நின்று பார்த்தால் கதை வேற மாதிரி இருக்கு.

1804-க்குப் போவோம். அந்த வருஷம் தரங்கம்பாடியில் பறந்தது டென்மார்க் கொடி. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஓவே ஜெடே என்ற கப்பற்படைத் தளபதி வந்ததில் இருந்து தொடங்கிய கதை அது. நடுவில் 1801-இல் பிரிட்டிஷ்காரர்கள் பிடுங்கி, மறு வருஷமே திருப்பிக் கொடுத்திருந்தார்கள். இங்கே கோட்டையில் கப்பலுக்காகவும் பருவக்காற்றுக்காகவும் காத்திருந்த அதே காலத்தில், இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் ஜார்ஜ் கேலி என்ற நிலச்சுவான்தார் ஒரு பொம்மை செய்துகொண்டிருந்தார். ஏறக்குறைய ஐந்தடி நீளக் கம்பு. அதன் மேல் சாய்வாகக் கட்டிய ஒரு காகிதக் காத்தாடி, அதுதான் இறக்கை. பின்னால், வேண்டிய கோணத்துக்குத் திருப்பி வைத்துக்கொள்ளும்படி ஒரு வால். முன்னால் எடைக்கு ஒரு கனம். இதைத் தூக்கிக்கொண்டு போய்க் குன்றின் மேலிருந்து வீசினார். அது சரிவில் மிதந்து இறங்கியது. அந்த அழகைப் பற்றிக் குறிப்பேட்டிலும் எழுதி வைத்தார்.

நல்லா கவனிங்க. நிலையான இறக்கை, தனியாக ஒரு வால், சரியான இடத்தில் எடை. இன்றைக்கு சென்னையிலிருந்து நீங்கள் ஏறிப் போகும் விமானத்தின் அடிப்படை வடிவம் இதுதான். அந்த வடிவம் முதன்முதலில் காற்றில் மிதந்தது, குன்றிலிருந்து கையால் வீசப்பட்ட ஒரு மாடல் கிளைடராக. மாடல் கிளைடர் என்றால் பெரிய விமானத்தைப் பார்த்துச் செய்த குட்டி நகல் என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் பெரியதுதான் இதைப் பார்த்து வந்தது.

இனி பெர்லின். ஓட்டோ லிலியென்தால். தம்பி குஸ்தாவோடு சேர்ந்து சின்ன வயசில் இருந்தே நாரைகளைப் பார்த்தவர். 1889-இல் பறவைகளின் பறத்தல் பற்றி அவர் எழுதிய புத்தகம் இன்றைக்கும் பேசப்படுகிறது. 1891-இல் இருந்து தானே செய்த இறக்கைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு சரிவுகளில் ஓடிக் குதிக்க ஆரம்பித்தார். அவருக்கு ஒரு பிரச்சினை. பெர்லின் ஒரு சமவெளி, ஏறக்குறைய நம்ம கும்பகோணம் மாதிரி. வீட்டுப் பக்கத்தில் குதிக்க மேடு இல்லை. என்ன செய்தார் தெரியுமா? 1894-இல் லிக்டர்ஃபெல்டே என்ற இடத்தில் 15 மீட்டர் உயரத்துக்குத் தானே ஒரு குன்று கட்டிக்கொண்டார். கூம்பு வடிவம். காற்று எந்தத் திசையில் வந்தாலும் அதற்கு எதிராக ஓடிக் குதிக்கலாம். இப்போதும் அது ஒரு பூங்காவில் இருக்கிறது.

ஏறக்குறைய 2,000 தடவை பறந்தார். 1896 ஆகஸ்ட் 9-இல் விழுந்தார், மறுநாள் இறந்தார். ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர், பிற்பாடு ஒரு கணக்குச் சொன்னார். ஐந்து வருஷத்தில் லிலியென்தால் உண்மையில் காற்றில் இருந்த நேரம் மொத்தம் ஐந்து மணி நேரம்தான் இருக்கும் என்று. எனக்கு இந்தக் கணக்கு ரொம்ப நாளாக மனசை விட்டுப் போகவில்லை. ஐந்து மணி நேரம் சைக்கிள் பழகினவரை நாம் அண்ணாசாலையில் விடுவோமா? அறிவு இருந்தது, தைரியம் இருந்தது, பழகும் நேரம்தான் இல்லை. மூன்றாவது நொடியில் செய்த தப்பை நாலாவது நொடியில் திருத்திப் பார்க்க அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. இன்றைக்கு ஒரு ஸ்லோப் கிளப்பில் சேரும் பன்னிரண்டு வயசுப் பையனுக்கு அந்த ஐந்து மணி நேரம் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் கிடைத்துவிடும். இருபது தடவை விழலாம். உடைவது ஃபோம்தான். பசை போட்டு ஒட்டிக்கலாம்.

ரைட் சகோதரர்கள் இதைப் புரிந்துகொண்டவர்கள். 1900-இல் கிட்டி ஹாக் கடற்கரைக்கு அவர்கள் கொண்டுபோன முதல் கிளைடரைப் பெரும்பாலும் ஆள் ஏறாமல் கயிறு கட்டிக் காத்தாடியாகத்தான் விட்டுப் பார்த்தார்கள். அங்கே இருந்தது கடல்காற்றும் மணல்மேடும். மலை இல்லை. 1902-இல் நூற்றுக்கணக்கான தடவை சறுக்கிப் பழகினார்கள். அதற்குப் பிறகுதான் எஞ்சின், 1903 டிசம்பர். எல்லாரும் கதையை அங்கே நிறுத்திவிடுகிறோம். ஆனால் 1911-இல் ஆர்வில் எஞ்சின் இல்லாத கிளைடரோடு அதே மணல்மேட்டுக்குத் திரும்பி வந்தார். காற்றில் ஏறி, 9 நிமிஷம் 45 நொடி அங்கேயே நின்றார். டேன்ஸ்போர்க் சுவரின் மேல் அந்தப் பருந்து செய்ததைத்தான் செய்தார். அந்த நேரத்தை யாராவது தாண்டப் பத்து வருஷம் ஆயிற்று.

தாண்டியவர்கள் ஜெர்மானியர்கள். காரணம், அவர்களிடம் எஞ்சின் இல்லை. முதல் உலகப் போரில் தோற்ற பிறகு, வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியின் விமானப் படையை ஒழித்து, விமானத் தயாரிப்பையும் முடக்கியது. பறக்க ஆசைப்பட்ட மாணவர்கள் வாசர்குப்பே என்ற, ஏறக்குறைய 950 மீட்டர் உயர மலைக்குப் போனார்கள். 1920-இல் அங்கே முதல் கிளைடர் போட்டி நடந்தது. 1922 ஆகஸ்டில் அர்தூர் மார்ட்டென்ஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் சரிவுக் காற்றிலேயே இருந்தார். சில நாளில் அவருடைய கூட்டாளி ஹென்ட்சன் அதை மூன்று மணி நேரத்துக்கு மேல் கொண்டுபோனார்.

இங்கே நான் நின்று பார்ப்பது சாதனையை அல்ல, கயிற்றை. கிளைடரைக் கிளப்ப மூக்கில் ஒரு நீளமான ரப்பர் கயிற்றை மாட்டுவார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொண்டு சரிவில் கீழ்நோக்கி ஓடுவார்கள். பின்னால் சிலர் வாலைப் பிடித்திருப்பார்கள். கயிறு விறைத்ததும் வாலை விட, கவண்கல் மாதிரி கிளைடர் கிளம்பும். ஒருத்தர் பறக்கப் பத்துப் பேர் ஓடணும். பறந்து இறங்கினதும் அந்த ஆள் கயிற்றைப் பிடிக்க வரணும். கிளப் என்பது அங்கே பொழுதுபோக்குச் சங்கமாக வரவில்லை, கயிறு இழுக்க ஆள் வேணும் என்பதற்காக வந்தது. ஓடுகிற ஒன்பது பேரும் பறக்கிறவன் செய்யும் தப்பைக் கண்ணால் பார்க்கிறார்கள். லிலியென்தாலோடு மண்ணுக்குள் போனது இங்கே பத்துப் பேர் உடம்பில் ஏறியது.

இதுக்கு இருண்ட பக்கமும் உண்டு, சொல்லாம விட்டா நியாயமில்லை. நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் இந்த கிளைடர் கிளப்புகளின் மதிப்பை முதலில் புரிந்துகொண்டது அவர்கள்தான். 1937-இல் பறக்கும் சங்கங்களை எல்லாம் ஒரே கட்சி அமைப்புக்குள் அடக்கினார்கள். காற்றைப் படிக்கக் கற்ற பையன்கள் போர் விமானிகள் ஆனார்கள். கயிறு இழுக்கிற கூட்டம் எதை நோக்கி இழுக்கும் என்பதைக் கயிறு முடிவு செய்வதில்லை.

அதே 1937-இல் அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 'கஃப்' என்ற மாடல் விமானத்தை ரேடியோவால் ஓட்டிக் காட்டினார்கள். அது எஞ்சின் வைத்தது. ஆனால் கிளைடருக்கும் வழி திறந்துவிட்டது. ஆரம்ப கால ரேடியோ எப்படின்னு கேட்டா சிரிப்பீங்க. ஒரே ஒரு பொத்தான். விமானத்துக்குள்ளே முறுக்கிய ரப்பர் பேண்டில் ஓடும் ஒரு சின்னப் பல்சக்கர அமைப்பு. பொத்தானை அமுக்கினால் வால் இடது பக்கம் திரும்பும், விட்டால் நேராகும், மறுபடி அமுக்கினால் வலது. கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினோம் என்று மறந்தால் போச்சு. ரப்பர் முறுக்குத் தீர்ந்தாலும் போச்சு.

டிரான்சிஸ்டர் வந்து ரிசீவர் லேசானதும், குச்சியை எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவே வாலும் நகரும்படி ரேடியோ முன்னேறியதும், 1960களுக்குப் பிறகு சரிவுகளில் கூட்டம் சேர்ந்தது. அப்போதும் ஒரு தொல்லை. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ரிமோட்டை ஆன் செய்தால், பறந்துகொண்டிருப்பது தலைகீழாக விழும். அதனால் ஒவ்வொரு கிளப்பிலும் ஒரு பலகை இருக்கும், அதில் அலைவரிசை எண் எழுதிய துணி கிளிப்புகள் தொங்கும். உங்கள் எண்ணுக்கான கிளிப் உங்கள் ஆன்டெனாவில் இருந்தால்தான் ஆன் செய்யலாம். மற்றவர் எடுத்துவிட்டால் அவர் இறங்கும் வரை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கணும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்து அந்தப் பலகையை ஒழித்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அந்த வேடிக்கை பார்த்த நேரத்தில்தான் பாதி பாடம் நடந்தது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். எங்க அண்ணாவும் அந்தக் கட்சி.

சரி, இந்தியாவுக்கு வருவோம். இங்கே கதை ஆக்ராவில் ஆரம்பிக்கிறது, ஒரு டாக்டரோடு. எர்னஸ்ட் ஹான்கின் என்ற பாக்டீரியா ஆய்வாளர், கங்கைத் தண்ணீர் காலராக் கிருமியைக் கொல்கிறது என்று 1896-இல் எழுதியவர். அவர் மாடியில் நின்று பருந்துகளையும் கழுகுகளையும் வருஷக்கணக்கில் பார்த்தார். காலையில் எந்தப் பறவை முதலில் எழும்புகிறது என்று நேரம் குறித்தார். எடை குறைந்த பருந்து முதலில் எழும்பும். பெரிய கழுகுகள் வெயில் ஏறும் வரை மரத்தில் காத்திருக்கும். காற்று இன்னும் மிதக்கத் தயாராகவில்லை என்பது அவற்றுக்குத் தெரிகிறது. 1913-இல் இதையெல்லாம் புத்தகமாகப் போட்டார். ரைட் சகோதரர்கள் காலத்தில் இந்திய வானத்தைப் பார்த்து எழுதப்பட்ட ஒரு பறத்தல் நூல். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

விடுதலைக்குப் பிறகு, புதிய நாட்டுக்கு விமானிகள் வேணும், பணம் கிடையாது. மறுபடி அதே விடை: கிளைடர். தில்லியில் சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையத்தில் எஸ். ராமாமிர்தம் என்ற பொறியாளர் வரிசையாக கிளைடர்கள் வடிவமைத்தார். முதலாவது 1958-இல் பறந்தது. அதன் பெயர் அசுவினி. பிறகு பரணி, கார்த்திக், ரோகிணி என்று போனது. பின்னாளில் வேறு கைகளில் மிருகசீர்ஷம், ஆர்த்ரா வரைக்கும் வந்தது. ஆமாங்க, நட்சத்திர வரிசையேதான். பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு விமானத்துக்குப் பேர் வைத்த ஒரு அரசு அலுவலகத்தை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பும் பாசமும் சேர்ந்து வருகிறது. 1961-இல் பறந்த ரோகிணியில் பயிற்சியாளரும் மாணவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரலாம். அந்த வடிவம் நூற்றுக்கு மேல் கட்டப்பட்டது. என்.சி.சி. மாணவர்கள் பலர் முதன்முதலாக ஆகாயம் பார்த்தது அதில்தான்.

டெல்டாவுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யை 1949-இல் தன் வீட்டை விற்ற பணத்தில் தொடங்கிய சி. ராஜம், சுவாமிமலைக்காரர். ஆற்றங்கரையில் இருந்து போன மனிதர், கல்லூரியில் விமானப் பொறியியலுக்கு இடம் வைத்தார். 1950களில் அங்கே வந்து சேர்ந்த ராமேஸ்வரத்துப் பையனை உங்களுக்குத் தெரியும். அப்துல் கலாம் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். புரியவில்லை என்றார்கள் பிள்ளைகள். சாயங்காலம் வகுப்பையே கடற்கரைக்குக் கூட்டிப் போய், பறவைகளைக் காட்டினார். பலகையில் புரியாதது மணலில் புரிந்தது. புல்லைப் பிடுங்கி வீசச் சொன்ன எங்க அண்ணா செய்ததும் அதைத்தானே?

அதே எம்.ஐ.டி.யின் தக்‌ஷா குழுவுக்கு 2018-இல் ஆலோசகராக வந்தவர் நடிகர் அஜித் குமார். விளம்பரத்துக்காக வந்தார் என்று நினைத்தவர்கள் உண்டு. அவர் அதற்கு முன்பே ரிமோட் விமானப் பைத்தியம். 'தல' கையில ரிமோட்டோட நிக்கிற போட்டோவைப் பார்த்துட்டு இந்தப் பக்கம் வந்த பசங்க எங்க கிளப்லயே ரெண்டு பேர்.

ஆனால் அப்போது சட்டம் குழப்பமாக இருந்தது. 2014 அக்டோபரில் ஆளில்லா விமானங்களைப் பொதுமக்கள் பறக்கவிடத் தடை வந்தது. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளில்தான், பொழுதுபோக்குக்கும் படிப்புக்கும் கண் பார்வைக்குள் ஓட்டும் மாடல் விமானம் என்று ஒரு தனி வகைக்கு இடம் கிடைத்தது. இப்போதும் எங்கே பறக்கவிடலாம் என்பதை அரசு வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தரங்கம்பாடிக் கோட்டை தொல்லியல் துறை பராமரிக்கும் சின்னம். அதுக்கு மேல கிளைடர் விட்டுப் பார்க்கலாம்னு யாரும் கிளம்பிடாதீங்க. பருந்துக்கு மட்டும்தான் அந்த உரிமை.

இப்போது டென்மார்க். அந்த நாட்டின் மிக உயரமான இயற்கை மேடு 171 மீட்டர். பரங்கிமலையை விடப் பெரியது, அவ்வளவே. மலையே இல்லாத அந்த நாடு 2016-இல் எஃப்3எஃப் என்ற ஸ்லோப் கிளைடர் பந்தயத்தின் உலகப் போட்டியை நடத்தியது. சரிவோரம் 100 மீட்டர் தூரத்தை முன்னும் பின்னுமாகப் பத்துத் தடவை, யார் வேகமாக முடிக்கிறார்கள் என்று பார்க்கும் பந்தயம். மலைக்கு எங்கே போனார்கள்? போகவில்லை. கடலோரச் சரிவுகளில் நின்றார்கள். கடலில் இருந்து தடை இல்லாமல் வரும் காற்றுக்குச் சின்னச் சரிவே போதும். 1845-இல் தரங்கம்பாடியைப் பிரிட்டிஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போனவர்களின் வழிவந்தவர்கள், தங்கள் ஊர்க் கடல்காற்றில் செய்கிறார்கள் இதை.

அப்ப நம்ம கடற்கரையில? காற்றுக்குக் குறையே இல்லை. இங்கே மீனவர்களிடம் ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் தனிப் பெயர் இருக்கிறது. வாடை, கச்சான், கொண்டல், சோழகம். கச்சான் அடிக்கும் மாதத்தில் காலையில் கரையில் இருந்து கடலுக்குக் காற்று, மத்தியானம் கடல்காற்று எதிர்த்து வரும். எந்த வெதர் ஆப்பும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. புறநானூற்றின் 66-ஆம் பாட்டு, கரிகாலனின் முன்னோர் ஒருவரைக் காற்றை வேலை வாங்கிக் கப்பல் விட்டவர் என்று பேசுகிறது. அதைப் பாடிய வெண்ணிக்குயத்தியார் இதே டெல்டாவின் வெண்ணியைச் சேர்ந்தவர். காற்றைப் படிக்கும் அறிவு இங்கே புதுசு இல்லை. சரிவுதான் இல்லை. இருந்த மணல்மேடுகளின் அருமையை 2004 டிசம்பர் 26-க்குப் பிறகுதான் பேச ஆரம்பித்தோம்.

மேடு இல்லாதவர்களுக்கென்று ஒரு கிளைடர் இருக்கிறது. ஒன்றரை மீட்டர் இறக்கை, ஒரு சொம்புத் தண்ணீரை விட எடை குறைவு. இறக்கை நுனியில் இருக்கும் சின்ன ஆணியை இரண்டு விரலால் பிடித்து, வட்டு எறிகிற மாதிரி உடம்பை ஒரு சுற்றுச் சுற்றி வீச வேண்டும். நல்ல கை வீசினால் ஐம்பது மீட்டருக்கு மேல் போகும். அங்கிருந்து, தரை சூடாகி எழும்பும் காற்றைத் தேடிப் பிடித்து ஏற வேண்டும். ஹான்கினின் கழுகுகள் காத்திருந்த அதே காற்று.

டெல்டா அதற்கென்றே செய்த இடம், ஆனா வருஷத்துல பாதி நாள்தான். வயலில் தண்ணீர் நிற்கும்போது சூரியனின் சூடு எல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், காற்று எழும்பாது. சம்பா அறுத்த பிறகு, தை மாசக் கடைசியில் இருந்து, மேட்டூர் திறந்து ஜூனில் தண்ணீர் வரும் வரைக்கும் வயல் காய்ந்து வெடித்துக் கிடக்கும். பக்கத்தில் ஒரு தோப்பு, நடுவில் காய்ந்த நிலம். வெயில் ஏறினால் எல்லையில் இருந்து சூடான காற்று குமிழ் குமிழாகக் கிளம்பும். கொக்கு வட்டமடித்தால் அங்கே ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். நெற்பயிரின் பஞ்சாங்கமே பறக்கிற பஞ்சாங்கமும்.

போன மாசியில் அப்படி ஒரு வயலில், பொறையார் பக்கம், என் கிளைடரை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். நிலத்துக்காரர் வரப்பில் உட்கார்ந்து, "விடுங்க தம்பி, பார்ப்போம்" என்றார். ஸ்டம்புக்குப் பதிலாகச் செங்கல் வைத்துக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பசங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்கள். இரண்டு தடவை வீசினேன், இரண்டு தடவையும் அரை நிமிஷத்தில் கீழே. மூன்றாவது தடவை வீசப் போகும்போது ஒரு பையன், எட்டாவது படிப்பானா இருக்கும், "அண்ணே, அங்க வேணாம். அந்தப் பனைமரத்துகிட்ட விடுங்க, பருந்து சுத்துது பாருங்க" என்றான்.

பனைமரத்துப் பக்கம் வீசினேன். நாலு நிமிஷம் இறங்கவில்லை. அதற்குள் அவன் ரிமோட்டுக்குக் கை நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றிருந்தான். "முதல்ல கொஞ்சம் வைக்கோல் எடுத்துட்டு வா" என்றேன்.